கை தூக்குங்க, நீச்சல் தெரிஞ்சவங்க!

கொழுக்குமலை இருப்பது தமிழ்நாட்டில். தேனி மாவட்டம், போடிநாயக்கனூர் தாலுகா. ஆனால் வண்டியில் போக வேண்டுமானால் கேரளாவுக்குள் நுழைந்து, சூரியநெல்லி என்கிற ஊருக்குப் போய், அங்கிருந்து மறுபடி தமிழ்நாட்டுக்குள் ஏற வேண்டும். நம் வீட்டு மொட்டை மாடிக்குப் போக, பக்கத்து வீட்டுப் படிக்கட்டைக் கேட்டு வாங்குகிற கதை!

சூரியநெல்லியிலிருந்து மேலே பன்னிரண்டு கிலோ மீட்டர் போல இருக்கும். அதற்கு ஜீப்பில் ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகிறது. இதிலிருந்தே ரோடு எப்படிப்பட்டது என்று யூகித்துக்கொள்ளுங்கள். உண்மையில் அது ரோடே இல்லை. மலையிலிருந்து உருண்டு வந்த கற்கள் களைப்பாறப் படுத்திருக்கும் இடம். நம் காரையோ பைக்கையோ கீழே நிறுத்திவிட்டு, உள்ளூர் ஜீப்பில்தான் ஏற வேண்டும். வாடகை தலைக்கு அல்ல, ஜீப்புக்கு. அதனால் ஆள் சேர்ந்தால் லாபம்.

அப்படித்தான் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்தோம். எல்லோரும் மதுரையில் ஒரே ஆபீஸ். பெயர் போட்டால் வீட்டில் ஆளுக்கொரு விசாரணைக் கமிஷன் உட்காரும் என்பதால் செக்‌ஷன் பெயரிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கவுன்ட்ஸ் அண்ணன், ரிட்டையராக இன்னும் நாலு வருஷம். ஸ்டோர்ஸ், உடம்பும் பெயருக்கேற்ற மாதிரி. டெஸ்பாட்ச், இருபத்தைந்து வயசு, எதையும் உடனே அனுப்பிவிட வேண்டும் என்கிற துடிப்பு. பர்ச்சேஸ், அமைதியான ஆள், மூன்று கொட்டேஷன் வாங்காமல் வாழைப்பழம்கூட வாங்க மாட்டார். ஐந்தாவது அடியேன்.

திட்டம் இதுதான். சனிக்கிழமை நள்ளிரவு மதுரையில் வேன் ஏறுவது. தொண்ணூறு கிலோ மீட்டரில் போடி. போடிமெட்டு மலைப்பாதை, பூப்பாறை வழியாக விடியற்காலை நாலு மணிக்குள் சூரியநெல்லி. ஜீப் ஏறிக் கொழுக்குமலையில் சூரிய உதயம். கீழே இறங்கி, பெரியகுளம் பக்கத்தில் கும்பக்கரை அருவியில் மத்தியானம் ஆசை தீர நீச்சல். ராத்திரி வீடு. திங்கட்கிழமை பத்து மணிக்கு ரெஜிஸ்டரில் கையெழுத்து.

பேப்பரில் எழுதும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்!

ஆபீஸ் எதிரே டீக்கடையில் ஆயத்தக் கூட்டம் நடந்தது. டெஸ்பாட்ச் ஒரு லிஸ்ட் கொண்டுவந்தான். திசைகாட்டி, பைனாகுலர், மடக்குக் கத்தி, தலையில் கட்டுகிற டார்ச், தீப்பெட்டி இல்லாமல் நெருப்பு உண்டாக்கும் கருவி. ‘‘எதுக்குடா நெருப்பு?’’ என்றார் அக்கவுன்ட்ஸ். ‘‘காட்டுக்குப் போறோம்ணே...’’ என்றான். ‘‘காட்டுக்குப் போறவன் முதல்ல வீட்டுல விட்டுட்டுப் போக வேண்டியதே அதுதான்’’ என்று அந்த வரியை அண்ணனே சிவப்பு மையால் அடித்தார். ஆடிட்டில் பழகிய கை.

ஸ்டோர்ஸின் லிஸ்ட்டில் ஒரே ஐட்டம், இட்லி, நாற்பது. அதைப் பற்றி யாரும் கேலி பேச வேண்டாம். நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடி தடவி, வாழை இலையில் கட்டிய இட்லிக்கு இணையான மலைச் சாப்பாடு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. கெடாது, கொட்டாது, சாப்பிட்ட பிறகு குப்பை என்று எதுவும் மிஞ்சாது. ஆனால் சாப்பிடுவது மலை இறங்கிய பிறகு. போடிமெட்டில் பதினேழு கொண்டைஊசி வளைவு. வயிறு நிறைய பொங்கலும் வடையுமாக அதில் ஏறுகிறவர்கள் பதினெட்டாவது வளைவாகத் தாங்களே வளைந்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்ட வேண்டியிருக்கும். மலைப்பாதை ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரைக் கேட்டு, கிளம்புவதற்கு அரை மணி முன்னாலேயே மாத்திரை போட்டுக்கொள்வது உத்தமம். குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்துதான் வெளியே வரும்.

உடை விஷயத்தில் எல்லோரும் ஜீன்ஸ் என்றார்கள். நான் தலையிட்டேன். நனைந்த ஜீன்ஸ் கல் மாதிரி கனக்கும், சாயங்காலம்வரை காயாது. அதைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினால் கீழே இழுக்கும். மெல்லிய பேன்ட், அரை டிராயர், ஈரோட்டுத் துண்டு இரண்டு, போதும். நவம்பர் விடியற்காலையில் மேலே பல் கிட்டும் என்பதால் ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் கட்டாயம். காலுக்கு, ஏற்கெனவே போட்டுப் பழகிய கான்வாஸ் ஷூ. பர்ச்சேஸ் புதிதாக வாங்கிய பூட்ஸைப் பெட்டியோடு கொண்டுவந்து காட்டினார். ஒவ்வொன்றும் ஒன்றரைப் படி எடை. புது பூட்ஸ் போட்டுக்கொண்டு மலைக்குப் போவது, கல்யாணத்தன்றைக்கே மாமனாரோடு வழக்குப் போடுவது மாதிரி. முதல் மணி நேரத்திலேயே கொப்புளம் கிளம்பிவிடும்.

அட்டைக்கு உப்பு. ஒரு துணியில் உப்பை முடிந்து, குச்சியில் கட்டி, தண்ணீரில் நனைத்துத் தொட்டால் தானாக விழும். பிடுங்கி எறிந்தால் ரத்தம் நிற்க நேரமாகும். ரொக்கமாக ஐந்நூறு, நூறு, ஐம்பது என்று கொஞ்சம் வேண்டும். மலை மேல் செல்போன் டவர் வரும், போகும், சில சமயம் கேரளாவா தமிழ்நாடா என்று தீர்மானிக்க முடியாமல் தவிக்கும். டீக்கடைக்காரரிடம் ‘ஸ்கேன் பண்றேன்’ என்று போனை ஆகாயத்தில் காட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். கூடவே பஞ்சு, டிஞ்சர், க்ரீப் பேண்டேஜ். இவ்வளவுதான்.

இந்த இடத்தில் அக்கவுன்ட்ஸ் டீ கிளாஸை வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். ‘‘எல்லாம் சரி. இதுல யார் யாருக்கு நீச்சல் தெரியும்? கை தூக்குங்க.’’

ஐந்து கைகளும் உயர்ந்தன.

அண்ணன் வரவு-செலவு பார்த்தே தலை நரைத்தவர். கூட்டல் இவ்வளவு அழகாக டாலி ஆனால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். ‘‘சனிக்கிழமை காலைல ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியம் நீச்சல் குளத்துக்கு வாங்க. பார்த்துடலாம்’’ என்றார்.

பரீட்சை சுலபம். குறுக்கே ஒருமுறை போய்த் திரும்ப வேண்டும். அப்புறம் இரண்டு நிமிஷம், கால் தரையில் படாமல், எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். லுங்கியோடு இறங்கக் கூடாது என்று வாட்ச்மேன் சொன்னதில் ஸ்டோர்ஸுக்கு முதல் ரவுண்டிலேயே பின்னடைவு. டிராயர் மாற்றிக்கொண்டு வந்தவர், ‘வார்ம் அப்’ என்று கரைக் கம்பியைப் பிடித்தவர்தான், குளம் மூடுகிற நேரம்வரை வார்ம் அப்பே பண்ணிக்கொண்டிருந்தார். டெஸ்பாட்ச் அம்பு மாதிரி பாய்ந்து பாதி தூரம் போனான். அம்பு மாதிரியே அங்கே நின்றுவிட்டது வேகம். மிதக்கச் சொன்னால் முப்பது செகண்டில் மூச்சு வாங்கியது. அக்கவுன்ட்ஸ் கட்டை மாதிரி மல்லாந்து மிதந்தார், எழுப்பித்தான் கூட்டிவர வேண்டியிருந்தது. நான் கிராமத்துக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டிப் படித்தவன். என் நீச்சலைப் பார்த்தால் எருமைகள் உறவு கொண்டாடும். ஆனால் மூழ்காது.

பர்ச்சேஸ் எங்கே?

உடை மாற்றும் அறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். சட்டைகூடக் கழற்றவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்.

‘‘எனக்குத் தண்ணீல இறங்கியே பழக்கமில்லப்பா. எல்லாரும் கை தூக்கினீங்க. நானும் தூக்கிட்டேன்.’’

அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. காரணம் இருக்கிறது. 2023 அக்டோபரில் வால்பாறை பக்கம் சோலையாறு எஸ்டேட் அருகே ஆற்றில் குளிக்க இறங்கிய கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் இறந்துபோனார்கள். கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து சுற்றிப் பார்க்க வந்த பையன்கள். இந்த மாதிரிச் செய்தி வருஷத்துக்குப் பத்து படிக்கிறோம். காட்டுக்குள் போகிறவன் புலிக்கும் யானைக்கும் பயந்து பத்திரமாக வீடு திரும்பிவிடுகிறான். குளிக்கப் போகிறவன்தான் திரும்புவதில்லை. சினிமாவில் வருகிற மாதிரி ‘காப்பாத்துங்க’ என்று கையை ஆட்டிக் கத்திக்கொண்டு யாரும் மூழ்குவதில்லை, ஸார். மூச்சு விடவே வாய் தண்ணீருக்கு மேலே வராதபோது கத்துவது எங்கே? பக்கத்திலேயே நிற்கிற நண்பன், விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டிருப்பான். ஓரிரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதைவிட மோசம், நீச்சல் அரைகுறையாகத் தெரிந்தவன் காப்பாற்றக் குதிப்பது. ஒன்று இரண்டாகும்.

குளத்துக் கோச் எங்களைக் கூப்பிட்டு ஒரு பாடம் எடுத்தார். குளத்துத் தண்ணீர் சும்மா இருக்கும், ஆற்றுத் தண்ணீர் வேலை செய்துகொண்டே இருக்கும். அடியில் பாறை இடுக்கு, பாசி, சுழல். மேலே அமைதியாகத் தெரிகிற மடுவில் கீழே இழுப்பு இருக்கலாம். தெரியாத தண்ணீரில் தலைகீழாகக் குதிக்கவே கூடாது. ஒருவன் தத்தளித்தால் முதலில் எறிய வேண்டியது கயிறு, டியூப், வேட்டி, எது கிடைக்கிறதோ அது. நம் உடம்பைக் கடைசியில் எறிந்தால் போதும். ‘‘முக்கியமா, ‘ஊத்திக்கிட்டு’ இறங்காதீங்க’’ என்றார். ஸ்டோர்ஸ் வேறு பக்கம் பார்த்தார்.

திரும்பி வரும்போது அக்கவுன்ட்ஸ் ஒரு சட்டம் போட்டார். ‘‘தண்ணிக்குப் பக்கத்துல மெஜாரிட்டி கிடையாது. ஒருத்தன் வேண்டாம்னா, அஞ்சு பேருக்கும் வேண்டாம். யாரும் ஏன்னு கேக்கக் கூடாது.’’

மறுநாளே பர்ச்சேஸ் தன் தொழிலைக் காட்டினார். லாரி டியூப் ஒன்று, நாற்பது அடி நைலான் கயிறு ஒன்று. மூன்று கடை கொட்டேஷன் பாக்கெட்டில் இருந்தது.

கிளம்பினோம். போடிவரை ஸ்டோர்ஸின் குறட்டை துணை. மலை ஏறியதும் எல்லோருக்கும் தூக்கம் போய்விட்டது. பூப்பாறை தாண்டி சின்னக்கானல், ஆனையிறங்கல் சுற்றுவட்டாரம் யானைகளின் பேட்டை. ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றே பெயர் வாங்கிய அரிக்கொம்பன் ஆண்ட இடம் இதுதான். 2023 ஏப்ரலில் அவனை மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அடுத்த மாதமே கம்பம் டவுனுக்குள் வந்து ஊரை ஓட வைத்தான். ஜூனில் நம் வனத்துறை பிடித்துக் களக்காடு-முண்டந்துறைக்கு அனுப்பியது. ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் இரண்டு வாங்கியும் அசராத ஒரே அரசாங்க விருந்தாளி. அவன் போனாலும் அங்கே அவன் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அதனால் எங்கள் டிரைவருக்குச் சொல்லியிருந்தோம், ஹாரன் வேண்டாம், யானையைக் கண்டால் தூரத்திலேயே நிற்பது, யாரும் செல்ஃபி எடுக்க இறங்கக் கூடாது. நல்லவேளை, யானைகளுக்கும் அன்றைக்கு எங்களைப் பார்க்க ஆர்வமில்லை.

சூரியநெல்லியில் ஜீப் ரெடி. கதவு கிடையாது, பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்ச். டிரைவர் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். ஏறியதும் மூன்றே கட்டளை. ‘‘கம்பியைப் பிடிங்க, ஆனா முழங்கையை விறைக்காதீங்க. முதுகைச் சாய்க்காதீங்க. வாயை மூடிக்கங்க.’’ மூன்றாவது ஏன் என்று கேட்க டெஸ்பாட்ச் வாயைத் திறந்தான். அப்போது முதல் கல் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்ட பிறகு அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஜீப்பில் இரண்டு கியர் தண்டு இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். இரண்டாவதைத் தள்ளினால் நாலு சக்கரமும் இழுக்க ஆரம்பிக்கும். அதிலேயே இன்னும் ஒரு நிலை, வேகம் மிகக் குறைந்து இழுவை பல மடங்கு கூடும். அந்த நிலையில் வண்டி ஓடுவதில்லை, ஏறுகிறது, ஒவ்வொரு கல்லாகக் கால் வைத்து, ஒரு கிழவி படி ஏறுகிற மாதிரி. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதும் தரையில் இருக்கிற சக்கரங்கள் வேலை பார்க்கின்றன. இறங்கும்போது பிரேக்கை அனாவசியமாகத் தொடுவதில்லை. முதல் கியரில் போட்டு, இன்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். ஈரக் கல்லில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது. இதெல்லாம் டிரைவர் சொன்னது. அவர் சொல்லும்போது ஜீப் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. இடப்பக்கம் இருட்டு மட்டும் இருந்தது. ஸ்டோர்ஸ் ஸ்ரீரங்கம், பழனி, வேளாங்கண்ணி என்று மதபேதமில்லாமல் வேண்டிக்கொண்டிருந்தார்.

உங்களுக்கு முதுகு வலி, டிஸ்க் பிரச்னை இருந்தால் தயவுசெய்து இந்த சவாரி வேண்டாம். வயிற்றில் பிள்ளையைச் சுமக்கும் பெண்களைக் கூட்டிப் போகவே கூடாது. உடம்பில் எத்தனை எலும்பு என்று சந்தேகமிருப்பவர்கள் தாராளமாகப் போகலாம். ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டிவிடும்.

மேலே போய் இறங்கினால்... சத்தம் நின்றுவிட்டது. அவ்வளவுதான் முதலில் தெரிந்தது. அப்புறம் கிழக்கே ஒரு கோடு. கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம், கரைவரை நிரம்பிய கண்மாய் மாதிரி. மேகம் விலகிய இடத்தில் போடி ஊரின் விளக்குகள். சிங்கம் வாய் பிளந்த மாதிரி ஒரு பாறை நீட்டிக்கொண்டிருக்கிறது, அதற்குப் பக்கத்தில் சூரியன் வந்தான். வர்ணிக்க எனக்கு வராது. அக்கவுன்ட்ஸ் மங்கி குல்லாவைக் கழற்றிவிட்டு நின்றார். முப்பது வருஷ சர்வீஸில் சேர்மன் வந்தபோதுகூட அவர் அப்படி நின்று பார்த்ததில்லை.

டிரைவர் கீழே கை காட்டினார். ‘‘அந்தச் சரிவுதான் ஸார், குரங்கணி பக்கம்.’’

எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. 2018 மார்ச் 11. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்தவர்கள், குரங்கணியிலிருந்து நடந்து ஏறி, இறங்கும்போது காட்டுத்தீயில் சிக்கிக்கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வார விடுமுறைக்கு வந்த, நம்மைப் போல திங்கட்கிழமை ஆபீஸ் போக வேண்டியவர்கள் அதில் பலர். மார்ச்சில் புல் காய்ந்து கிடக்கும். சரிவில் தீ கீழிருந்து மேலே ஏறுகிற வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. அந்த வருஷமே மலையேற்றத்துக்கு அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று நாற்பது பாதைகளைத் திறந்தது. வழிகாட்டியோடு, முன்பதிவு செய்துதான் போக முடியும். தீப்பிடிக்கும் காலத்தில் மூடிவிடுகிறார்கள். டெஸ்பாட்ச் ரொம்ப நேரம் அந்தச் சரிவையே பார்த்தான். நெருப்பு உண்டாக்கும் கருவியைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே எடுக்கவில்லை.

அங்கே பழைய தேயிலை ஃபாக்டரி இருக்கிறது. சுமார் 7,900 அடி உயரம், உலகத்தின் உயரமான தேயிலைத் தோட்டம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்து முறையிலேயே இலையை வாட்டி, உருட்டி, உலர்த்துகிறார்கள். அந்தக் குளிரில் கை நடுங்கக் குடித்த டீயைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம், ஆசிரியர் இடம் கொடுத்தால்.

இறங்கி, இட்லியை ஒரு கை பார்த்து, போடி, தேனி வழியாகக் கும்பக்கரைக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. உடம்பெல்லாம் ஜீப் புழுதி. மூக்கைத் தொட்டால் மண். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உற்சாகமாகப் போனால், கேட் பூட்டியிருந்தது. கொடைக்கானல் மலையில் ராத்திரி நல்ல மழை. அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை என்று வனத்துறை ஊழியர் உட்கார்ந்திருந்தார். கீழே சுள்ளென்று வெயில், ஒரு பொட்டு மேகமில்லை. ‘‘நல்லாத்தானே ஸார் இருக்கு?’’ என்றார் ஸ்டோர்ஸ், குழந்தை மாதிரி. ‘‘இங்க நல்லா இருக்கு. தண்ணி வர்றது அங்கேருந்து’’ என்று மலையைக் காட்டினார் ஊழியர். தண்ணீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, சத்தம் மாறினாலோ பாத்திருக்கக் கூடாதாம், துண்டைக்கூட எடுக்காமல் கரை ஏறிவிட வேண்டுமாம்.

திரும்பி வேனுக்கு நடந்தோம். அப்போதுதான் பைக்கில் ஒரு பையன் பக்கத்தில் வந்தான். குரலைத் தாழ்த்தி, ‘‘அண்ணே, தோப்பு வழியா மேல ஒரு இடம் இருக்கு. சூப்பரா இருக்கும். யாரும் கேக்க மாட்டாங்க. எரநூறு குடுங்க போதும்’’ என்றான்.

உண்மையைச் சொல்கிறேன், நாலு பேர் முகத்திலும் பல்பு எரிந்தது. ராத்திரி முழுக்கத் தூங்காமல், எலும்பெல்லாம் கழன்று, இந்தக் குளியலுக்காகவே வந்தவர்கள். ‘‘ஓரமா நின்னு மொண்டு ஊத்திக்கிட்டு வந்துடலாம்ணே’’ என்றான் டெஸ்பாட்ச். ஸ்டோர்ஸ் பர்ஸை எடுத்துவிட்டார். அக்கவுன்ட்ஸ் ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார். நான் ‘வேண்டாம்’ என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்.

‘‘எனக்கு நீச்சல் தெரியாது. நான் வரலை.’’

பர்ச்சேஸ். நாலு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே சொன்னார். பைக் பையன்கூட ஒரு மாதிரி பார்த்தான். அவர் தலையைக் குனியவில்லை. தோளில் லாரி டியூபை மாட்டிக்கொண்டு, மகாவிஷ்ணு சக்கரத்தோடு நிற்கிற மாதிரி நின்றார்.

சட்டம் சட்டம்தான். ஸ்டோர்ஸ் பர்ஸை உள்ளே வைத்தார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஐந்து நிமிஷம் வேனில் மௌனம். அப்புறம் அக்கவுன்ட்ஸ் போனை எடுத்தார். பெரியகுளத்துக்கு வெளியே அவர் மைத்துனருக்கு மாந்தோப்பு. தோப்பில் கிணறு. மழையில் நிரம்பிக் கிடக்கிறது என்று தகவல் வந்தது.

நல்ல அகலமான கிணறு, ஸார். ஒரு பக்கம் இறங்கக் கல்படி. பம்ப்செட் ஓடிக்கொண்டிருந்தது. தோப்பைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், எழுபது வயசிருக்கும், எங்களை வரிசையாக நிற்க வைத்து ஒரே கேள்வி கேட்டார். ‘‘யாருக்கு நீச்சல் தெரியும்?’’

இந்தத் தடவை இரண்டு கைதான் உயர்ந்தது. கொஞ்சம் யோசித்து டெஸ்பாட்ச் அரைக் கை தூக்கினான்.

நைலான் கயிறு படிப்பக்கத் தென்னையில் கட்டப்பட்டது. டியூப் தண்ணீரில் விழுந்தது. ஸ்டோர்ஸ் அதற்குள் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மறுத்தார், வெளியே எடுக்கவும் முடியவில்லை. அக்கவுன்ட்ஸ் மல்லாந்துவிட்டார். நான் ஊர்க் கிணறு ஞாபகத்தில் மேல் படியிலிருந்து ஒரு ‘பல்டி’ அடிக்கலாமா என்று பார்க்க, பெரியவர் முறைத்தார். காலைக் கீழே விட்டு மரியாதையாகக் குதித்தேன்.

பெரியவர் பர்ச்சேஸை மூன்றாவது படியில் உட்கார வைத்து, இருபது லிட்டர் காலி எண்ணெய் கேனை இறுக்கி மூடி, முதுகில் துண்டால் கட்டினார். ‘‘தண்ணிய அடிக்காதீங்க தம்பி. அது உங்களுக்கு என்ன பண்ணுச்சு? சும்மா படுங்க, அது தாங்கும்.’’ முதலில் விரல்கள் படியை விடவே இல்லை. பத்து நிமிஷம் ஆயிற்று. பிறகு ஒரு கை விட்டது. பெரியவர் அவர் வயிற்றுக்குக் கீழே உள்ளங்கையை வைத்திருந்தார். அந்தக் கையையும் எப்போது எடுத்தார் என்று பர்ச்சேஸுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரிந்தது. கால்கள் அடித்துக்கொண்டிருந்தன. எண்ணெய் கேன் மேலே மிதக்க, கிணற்றின் எதிர்ச் சுவரைத் தொட்டுவிட்டு, திரும்பிப் பார்த்து, பெரியவர் படியிலேயே நிற்பதைக் கண்டதும் போட்டாரே ஒரு சத்தம்! மாமரத்துக் காக்கை எல்லாம் பறந்தன.

சாயங்காலம் பம்ப்செட் தண்ணீரில் புழுதி போகக் குளித்து, தோப்பிலேயே மிச்ச இட்லியை முடித்தோம். வேன் கிளம்பும்போது பர்ச்சேஸ் மட்டும் இறங்கிப் போய்ப் பெரியவரிடம் ஏதோ கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்று கேட்டிருக்கிறார்.

‘‘கிணறு எங்க தம்பி போகப் போகுது? தாராளமா வாங்க’’ என்ற பெரியவர் அவர் காலைப் பார்த்தார். இரண்டு குதிகாலிலும் பிளாஸ்திரி. ‘‘அந்த பூட்ஸ மட்டும் வீட்டுலயே வச்சிட்டு வாங்க.’’